'24 ஜிபி மெமரி' என்று சொல்லி எனக்கு விற்றது என்ன? ஆல்பம் வேலை செய்பவர்கள் கவனிக்கவும்

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பாலக்காட்டு ஸ்டுடியோக்களும் பொள்ளாச்சி ஸ்டுடியோக்களும் வேலை கொடுப்பார்கள். என்னைப் போலப் பழைய கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களில் ஒருவராவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 8வது தலைமுறை ஐ5. 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான டிஸ்க்) கூடுதல் ரேமும் போடலாம் என்று பாலக்காட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "ரெண்டும் வேறே வேறே வேண்டா சேட்டா, 16 ஜிபி மெமரி ஒண்ணு இட்டால் மதி (போட்டால் போதும்), மொத்தம் 24" என்றார் கடைக்காரர். 5,800 ரூபாய். பில்லில் 'மெமரி அப்கிரேடு' என்று ஒரே வரி.

கடையிலேயே போட்டோஷாப்பை நாலைந்து தடவை திறந்து மூடிக் காட்டினார். கடைசித் தடவை கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. நானும் சந்தோஷமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஏமாந்தேன். அவர் மாட்டியது ரேம் இல்லை, எஸ்எஸ்டியாகத் தனியே பயன்படும் டிஸ்க்கும் இல்லை. இன்டெல் ஆப்டேன் என்ற, ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக ஓடும் சின்ன கேஷ் (cache) துண்டு. 2017இல் வந்த பொருள். 2022இல் ஆப்டேன் தொழிலையே மூடப்போவதாக இன்டெல் அறிவித்துவிட்டது. பொருள் மோசம் என்று சொல்லவே மாட்டேன். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் வேண்டிய இடம் படிக்கும் ஊசிக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும், ஊசி நகரும் நேரம் தனி. அடிக்கடி எடுப்பதை இந்தத் துண்டு தன்னிடம் வைத்துக்கொண்டு உடனே எடுத்துக் கொடுக்கும். விண்டோஸ் சீக்கிரம் வரும், தினமும் திறக்கும் மென்பொருள் சீக்கிரம் திறக்கும். கடையில் நான் பார்த்தது அதைத்தான். ஒரு முகூர்த்தத்துக்கு 60, 70 ஜிபி படம் வரும் என் வேலையில் எல்லாமே புதுசு. 16 ஜிபி கேஷுக்கு அது முன்பின் பார்க்காத ஃபைல். அதனால் படங்களைத் திறக்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகமேதான். ரேமோ அதே 8. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், பார்க்கவில்லை.

இது பண நஷ்டத்தோடு போயிருந்தால் பதிவே போட்டிருக்க மாட்டேன். சித்திரை முகூர்த்த நேரத்தில் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய், விடியும்வரை வரவில்லை. காலையில் விண்டோஸ் வரவே இல்லை. மதர்போர்டு பட்டன் பேட்டரி தீர்ந்துபோய் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை) செட்டிங் பழையபடி மாறியிருந்தது. ஆர்எஸ்டி (கேஷையும் டிஸ்க்கையும் சேர்த்து ஓட்டும் முறை) என்று இருந்த இடத்தில் ஏஎச்சிஐ (டிஸ்க்கைத் தனியாக ஓட்டும் சாதாரண முறை). அதனால் கேஷுக்கும் டிஸ்க்குக்கும் இருந்த இணைப்பு அறுந்துவிட்டது. பேட்டரி மாற்றி ஆர்எஸ்டிக்குத் திருப்பியிருந்தால் போதும், எல்லாம் திரும்ப வந்திருக்கும்.

ஆனால் அப்படி ஒரு துண்டு உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாதே! பொள்ளாச்சியில் தெரிந்த தம்பியிடம் கொடுத்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் என்று நான் சொன்னதை நம்பி அதை மட்டும் கழற்றி அவர் கம்ப்யூட்டரில் மாட்டி, எரர் காட்டியதும் செக் டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓடவிட்டார். சேவ் செய்வதையும் கேஷ் முதலில் தன்னிடம் வாங்கிப் பிறகு டிஸ்க்குக்கு இறக்கும். நான் கடைசியாக சேவ் செய்ததில் ஒரு பகுதி கேஷிலேயே நின்றிருக்கிறது, டிஸ்க்குக்கு இறங்கவில்லை. பாதி விஷயத்தை வைத்துக்கொண்டு 'சரி' செய்ததில் கோப்புகள் சிதைந்துவிட்டன. "அண்ணா, உள்ள ஆப்டேன் இருக்குதுங்களே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றார் பிறகு. அவர் மேல் குற்றமே இல்லை.

ஒரிஜினல் படங்கள் வெளி டிஸ்க்கில் இருந்தன. போனது 3 நாள் உட்கார்ந்து முடித்த 40 ஷீட். பெண்ணின் அம்மா போனில், "மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க தம்பி, இன்னும் எத்தனை நாளுங்க?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. தூங்காமல் திரும்பவும் செய்து கொடுத்தேன்.

கடைக்குப் போனால், "மெமரி என்றுதான் சொன்னோம், ரேம் என்று சொல்லவில்லை" என்கிறார்கள். அட்டையிலேயே ஆப்டேன் மெமரி என்றுதான் இருக்குமாம். நான் என்ன கேட்டு வந்தேன் என்று தெரிந்தும் இப்படிப் பேசுவது அநியாயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கடைக்குப் போனால் ரேம் எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை என்று பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அவர்கள் திறந்து காட்டுவதைப் பார்க்காமல், உங்கள் பென்டிரைவில் இருந்து ஒரு பெரிய ஃபோல்டரை டிஸ்க்கில் ஏற்றி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, முதல் தடவை எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பெயரைப் பாருங்கள். ஆப்டேன் என்று இருந்தால், ரிப்பேருக்குக் கொடுக்கும்போது முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். கழற்ற வேண்டுமானால் முதலில் இன்டெல் மென்பொருளில் ஆப்டேனை டிசேபிள் செய்து, அது முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள்.