முழங்கால் தேய்மானத்துக்கு வைட்டமின் டி பவுடரா, தொடைப் பயிற்சியா?

அம்மாவுக்கு 61 வயது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடவே மாட்டார் என்பது என் கண்ணில் படவே ஆறு மாதம் ஆகிவிட்டது. ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், ஒரே நாளில் இரண்டு தாள் கைக்கு வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11. பொதுவாக 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னது: "அதான் டி சத்தே இல்லியே அண்ணி, பவுடர் வாங்கிக் குடிங்க, ஜவ்வு தன்னால ஊறிடும்."

ஜவ்வு ஊறாது. அத்தை அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் இந்த நம்பிக்கையிலேயே இரண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டு, நடை முழுக்கக் குறைந்த பிறகு பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் எக்கச்சக்கம். அதனால்தான் இந்த இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு தாளும் இரண்டு வேறு நோயைச் சொல்கின்றன. வைட்டமின் டி ரொம்பக் குறைந்தால், சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது, எலும்பு மென்மையாகும், இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள தசை பலம் இழக்கும். இந்த வலி மூட்டில் மட்டும் நிற்காது. இடுப்பு, முதுகு, விலா என்று பரவலாக இருக்கும், முன்னங்கால் எலும்பை விரலால் அழுத்தினாலே வலிக்கும், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. தேய்மானம் அப்படியில்லை. வலி முழங்காலிலேயே இருக்கும், படி ஏறி இறங்கும்போது கூடும், காலையில் எழுந்ததும் ஒரு பிடிப்பு இருந்து அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், மடக்கி நீட்டினால் கறகறவென்று சத்தம் வரும். அம்மாவைப் போல நிறையப் பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. அவர்கள் பவுடர் குடிக்கும்போது டி குறைபாட்டால் வந்த பங்கு வலி நிஜமாகவே குறைகிறது. "எனக்குப் பவுடரிலேயே சரியாகிவிட்டது" என்று பக்கத்து வீட்டில் சொல்வது பொய்யில்லை, ஆனால் சரியானது எலும்பும் தசையும்தான், அத்தை ஜவ்வு என்று சொன்ன குருத்தெலும்பு இல்லை.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இந்த நம்பிக்கைக்கு ஒரு நல்ல ஆரம்பம் இருந்தது. 1996-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏற்கனவே முழங்கால் தேய்ந்தவர்களில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்குத் தேய்மானம் முற்றும் ஆபத்து மூன்று மடங்கு என்று வந்தது. அதை நடத்திய டிமத்தி மக்காலிண்டனே பிறகு பாஸ்டனில் 146 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் டி, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார். 2013-இல் முடிவு வந்தது: வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு குறைவதிலும் வித்தியாசம் இல்லை. தன்னுடைய கண்டுபிடிப்பைத் தானே சோதித்து, இல்லை என்று வெளியிட்ட அந்த நேர்மை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதில் சேர்ந்த எல்லோருக்கும் குறைபாடு இல்லையே என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவில் டி அளவு குறைவாக இருந்த 413 பேரையே தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு மாதம் 50,000 யூனிட் வீதம் இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2016-இல் வந்த முடிவிலும் எம்ஆர்ஐ ஸ்கேனில் குருத்தெலும்பில் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை, வலியிலும் இல்லை. பிரிட்டனில் 474 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 800 யூனிட் மூன்று வருடம் கொடுத்தும் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைவது நிற்கவில்லை. பவுடருக்குச் சாதகமாகப் பேசுவது லக்னோவில் நடந்த ஆய்வு. டி குறைந்திருந்த 107 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்தது உண்மை, ஆனால் குறைந்த அளவு மிகச் சிறியது.

அப்படியானால் அந்த 1996 கணக்கு? என் புரிதல் இதுதான்: முழங்கால் வலிக்கிறவர் வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார், வெயில் படுவது குறைகிறது. உடல் பருமனாக இருப்பவர்களுக்கு இரத்தத்தில் டி அளவு குறைவாகவே காட்டும், அதே பருமன் முழங்காலையும் தேய்க்கிறது. ஆக இரண்டும் சேர்ந்து வருகின்றன, ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறது என்று சொல்ல முடியவில்லை.

இப்போது மறுபக்கம். முழங்காலுக்கு மேலே தொடையின் முன்பக்கம் இருக்கும் பெரிய தசைதான் மூட்டில் விழும் அதிர்ச்சியைத் தாங்குகிறது. வலி என்று காலை அசைக்காமல் வைத்தால் முதலில் இளைப்பது இந்தத் தசைதான், அது இளைத்தால் வலி இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைப்பது பயிற்சி ஒன்றுதான். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து ஐந்து விநாடி அழுத்துவது, படுத்தபடி காலை நேராகத் தூக்கிப் பிடிப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, இவ்வளவுதான் ஆரம்பம். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எடை அதிகம் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. அமெரிக்காவில் 454 பேரை 18 மாதம் தொடர்ந்த ஆய்வில், பயிற்சியோடு உணவையும் கட்டுப்படுத்தியவர்கள் சராசரியாகப் பத்து கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலியும் அவர்களுக்குக் குறைவு. ஆனால் பயிற்சியும் குருத்தெலும்பை வளர்த்துத் தராது, நிறுத்தினால் பலன் மெல்ல மெல்லப் போய்விடும். அலுப்பான வேலை, அதனால்தான் பாக்கெட் பவுடர் மேல் மனம் போகிறது.

குறைபாடு இருந்தால் டி எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எப்படி எடுப்பது என்பதில்தான் கவனம். வெயில் என்றால் நம் ஊரில் காலை ஏழு மணி இளவெயில் போதாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரம், சுமார் 11 முதல் 2 மணிக்குள், கை கால் தெரிய நிற்க வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் அந்தக் கதிர் வராது. முழங்கால் வலியோடு மொட்டைமாடி ஏறுவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு 60,000 யூனிட் பாக்கெட்தான் வசதி, விலையும் குறைவு. வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுப்பார்கள். எட்டு வாரம் முடிந்தும் அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. இது கொழுப்பில் தங்கும் வைட்டமின், மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஒரே தடவையில் 6 லட்சம் யூனிட் ஏற்றும் ஊசியைத்தான் நான் கடைசியில் வைப்பேன். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களை வைத்து, வருடத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் கீழே விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம். 2010-இல் வந்த முடிவு இது. ஏற்கனவே கால் தடுமாறும் ஒருவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு இரண்டையும் ஆரம்பித்தோம். பவுடர் எட்டு வாரத்தோடு சரி, மூன்றாம் மாதம் டெஸ்ட் எடுத்தபோது 34. துண்டுப் பயிற்சி இன்னும் ஓடுகிறது, சாயங்காலம் டிவி முன்னால். எக்ஸ்ரேயில் எதுவும் மாறியிருக்காது, அதை எதிர்பார்த்து மறுபடி எடுக்கவும் இல்லை. படி இறங்கும்போது கைப்பிடி இன்னும் வேண்டும், ஏறும்போது வேண்டாம்.