க்யூப்ராக்ரஸ்டயலாக்: எவ்வளவு தூரம் வளைக்கலாம்?

டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதினால், "பொறுங்கள், வேலை ஓடிக்கொண்டிருக்கிறது" என்று காட்ட ஒரு பெட்டி என்றைக்காவது தேவைப்படும். க்யூட் (Qt, இப்படிப்பட்ட அப்ளிகேஷன் எழுத உதவும் தொகுப்பு) பயன்படுத்துகிறவர்களுக்கு அது கையோடு வருகிறது, பெயர் க்யூப்ராக்ரஸ்டயலாக். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வேலை, ஒரு பட்டை, ஒரு ரத்து பட்டன், இவ்வளவுதான் வேண்டும் என்றால் இதைவிட வசதி கிடையாது. அதற்கு மேல் கேட்டால் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் மினிமம் டியூரேஷன், அதாவது எவ்வளவு நேரத்துக்கு மேல் ஆகும் வேலைக்கு டயலாக் தோன்ற வேண்டும் என்ற வரம்பு. இயல்பாக 4000 மில்லி விநாடி. இதுவரை போன வேகத்தை வைத்து மீதிக்கு எவ்வளவு ஆகும் என்று அதுவே கணக்குப் போட்டு, சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தால் தலையைக் காட்டுவதே இல்லை. திடீரென்று தோன்றி என்னவென்று படிப்பதற்குள் மறைகிற டயலாக் எவ்வளவு எரிச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். ஜாவாவின் விண்டோ தொகுப்பான ஸ்விங்கில் உள்ள ப்ராக்ரஸ்மானிட்டரிலும் இதே யோசனைதான், அங்கே வரம்பு 2000. எனக்கு 4 விநாடி அதிகம், 1000 என்று மாற்றிவிடுவேன். ஒரு சிக்கல்: இந்த டைமர் டயலாக்கை உருவாக்கும்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது, அதனால் பிறகு பயன்படுத்தலாம் என்று மெயின் விண்டோவோடு சேர்த்து உருவாக்கி வைத்தால், கொஞ்ச நேரத்தில் யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கும். உருவாக்கிய கையோடு அதன் ரீசெட் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

சரி, மாற்றியமைப்பது எப்படி? லேபிள், பட்டை, ரத்து பட்டன் மூன்றையும் கழற்றி நம்முடையதை மாட்டலாம், ஸ்டைல்ஷீட்டில் நிறத்தை மாற்றலாம், குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் 0 என்று வைத்தால் சதவீதம் இல்லாமல் சும்மா ஓடுகிற பட்டை. தோற்றத்துக்கு இது போதும். தொல்லையெல்லாம் நடத்தையில்தான். லேபிளில் ஃபைல் பாதையைக் காட்டிப் பாருங்கள்: நீளமான பெயர் வந்ததும் டயலாக் அகலமாகும், அடுத்தது சின்னப் பெயராக இருந்தாலும் சுருங்காது, இப்படியே திரையில் பரந்துகொண்டே போகும். எலைடட்டெக்ஸ்ட் (நீண்ட எழுத்தைச் சுருக்கித் தரும் க்யூட் ஃபங்ஷன்) வைத்துப் பாதையின் நடுப்பகுதியை வெட்டிக் கொடுத்தால்தான் அடங்கும். ரத்து பட்டனை எடுத்துவிட்டால் ரத்து செய்யவே முடியாது என்று நினைக்காதீர்கள், விண்டோவை மூடும் பட்டன் அங்கேயே இருக்கிறது, அதை அழுத்தினாலும் ரத்து சிக்னல் (டயலாக் நம் கோடுக்கு அனுப்பும் அறிவிப்பு) போகும். பட்டையின் ரேஞ்ச் வேறு இன்ட், அதாவது சுமார் 200 கோடி வரை மட்டும் கொள்ளும் முழு எண், ஆகவே பைட் கணக்கை அப்படியே கொடுத்தால் 2 ஜிபியைத் தாண்டிய ஃபைலில் பட்டை அபத்தமாக ஏதாவது காட்டும். 0 முதல் 1000 வரை என்று வைத்து விகிதத்தை அனுப்புவது நல்லது.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது பட்டையை நகர்த்தக் கூப்பிடும் செட்வேல்யூ. டயலாக் மோடலாக (மற்ற விண்டோக்களைத் தொடவிடாத வகையில்) இருந்தால் அது உள்ளுக்குள் ப்ராசஸ்ஈவென்ட்ஸை, அதாவது காத்திருக்கும் க்ளிக், டைமர் போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. திரை உறையாமல் இருப்பது அதனால்தான், ஆனால் நம் லூப் பாதியில் நிற்கும்போதே ஒரு டைமரோ நெட்வொர்க் சிக்னலோ உள்ளே புகுந்து, நாம் ஓட்டிக்கொண்டிருக்கும் அதே லிஸ்ட்டை மாற்றிவிட்டுப் போகலாம். எப்போதாவது மட்டும் க்ராஷ் ஆகும், காரணம் பிடிபடாது. நீண்ட வேலையை வேறு த்ரெட்டில் (இணையாகத் தனியே ஓடும் பகுதியில்) வைத்து, முன்னேற்றத்தை மட்டும் சிக்னலாக அனுப்புங்கள், கூடுதலாக எழுத வேண்டிய கோடும் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

க்யூட் போன்ற இன்னொரு தொகுப்பான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸில் இதற்கு இணையான டயலாக்கில் ஆன நேரம், மீதி நேரம், ஸ்கிப் பட்டன் ஒவ்வொன்றும் அதற்குரிய ஃப்ளாக் (ஒரு அமைப்புக் குறி) கொடுத்தால் வந்துவிடுகிறது. க்யூட்டில் இவை எதுவும் கிடையாது, மீதி நேரத்தை நாமே கணக்கிட்டு லேபிளில் எழுத வேண்டும் (அந்த எண் 2 நிமிடம், 9 நிமிடம், 1 நிமிடம் என்று குதிக்காமல் இருக்கச் சராசரி எடுப்பதும் நம் தலையில்தான்). ஒட்டுமொத்தத்துக்கு ஒன்று, இந்த ஃபைலுக்கு ஒன்று என்று இரண்டு பட்டை வேண்டுமா, பாஸ் பட்டன் வேண்டுமா? இதை இழுத்து வளைத்து நேரத்தை வீணாக்காமல் வெறும் க்யூடயலாக்கில் (க்யூட்டின் காலிப் பெட்டி) இரண்டு க்யூப்ராக்ரஸ்பார் (தனிப் பட்டை) போட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அந்த 4 விநாடி யோசனையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு.