டீம் லீடர் ஆனதும் மொதல்ல எது: லிங்க்ட்இன்னா, ஜோஹாரியா?

கோலாலம்பூர்ல புரமோஷன் கெடச்ச ஒடனே கோட்டு போட்டு போட்டோ எடுத்து லிங்க்ட்இன் ஹெட்லைன மாத்திடுறாங்க, தப்பில்ல லா, ஆள் தேடுறவங்க அதத்தான பாப்பாங்க, ஒரு சாயங்காலத்துல வேலையும் முடிஞ்சிடும். ஆனா அதுல இருக்குறது ஒங்களப் பத்தி நீங்களே நெனைக்கிறது மட்டுந்தான்.

ஜோஹாரி விண்டோ வேற மாதிரி, ஒங்கள நீங்க பாக்குறதையும் மத்தவங்க பாக்குறதையும் ஒப்பிட்டுக் காட்டுற ஒரு பயிற்சி. 1955ல ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கொண்டாந்தது. குணம் சொல்ற வார்த்தை லிஸ்ட்லருந்து ஒங்களுக்குப் பொருந்துறத நீங்களும் எடுக்கணும், டீமும் எடுக்கணும், அப்புறம் ரெண்டு பேரும் எடுத்தது, நீங்க மட்டும் எடுத்தது, அவங்க மட்டும் எடுத்தது, யாரும் எடுக்காததுன்னு நாலு கட்டத்துல பிரிச்சுப் போடணும். அவங்க எடுத்து நீங்க எடுக்காதது வந்து விழுற கட்டம் இருக்கே, மேட்டரே அங்கதான். சிக்கல் என்னன்னா, மாமாக் சாப்பாட்டுக் கடையில பாஸ பத்தி மணிக்கணக்கா பேசுறவங்க ஆபீஸ்ல நேருக்கு நேரா வாயத் தெறக்க மாட்டாங்க, அதனால பேர் போடாம எழுதி வாங்குங்க.

என்னக் கேட்டா ஜோஹாரிதான் மொதல்ல, ஹெட்லைன அப்புறமா எழுதிக்கலாம்.