ப்ரீ-லாஞ்ச் ஆஃபரில் 4 லட்சம் போச்சு: ஃப்ளாட் புக் செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ப்ரீ-லாஞ்ச் ஆஃபர், அதாவது திட்டத்தை முறையாக அறிவிக்கும் முன்பே புக் செய்யச் சொல்வது. அதில் நாங்கள் கட்டியது 4 லட்சம் ரூபாய். "ரத்துக் கட்டணம் போகத் திருப்பித் தர எதுவும் இல்லை" என்று இன்று காலை மெயில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பில்டர் பெயர் வேண்டாம். பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும் ரகம். எங்களை இழுத்தது அந்த விளம்பரமும், அதில் வரிசையாக இருந்த வங்கி லோகோக்களும், அப்புறம் சாம்பிள் ஃப்ளாட்டும்தான். அறைகளுக்குக் கதவே கிடையாது, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டிலில் என் மனைவி உட்கார்ந்து பார்த்தாள்; படுத்திருந்தால் கால் வெளியே நீட்டியிருக்கும். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்றே செய்து வைத்த கட்டில்.

அப்பாவுக்கு முட்டிவலி என்றதும் சேல்ஸ் பையன் பிளானை விரித்து, "லிஃப்ட் பக்கத்து வீட்டை உங்களுக்கே பிடிச்சு வைக்கிறேன் ஐயா" என்று பென்சிலால் வட்டம் போட்டான். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அந்த வட்டத்துக்குத்தான் 4 லட்சம். ரெரா நம்பர் (ரியல் எஸ்டேட்டை முறைப்படுத்தும் அரசு ஆணையமான ரெராவில் திட்டத்தைப் பதிவு செய்ததற்கான எண்) கேட்டதற்கு, "அப்ளை பண்ணியாச்சு சார், இந்த ரேட் இன்னைக்கு மட்டும்தான்" என்றான். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பணம் வாங்குவது அதற்கும் மேலே.

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தபோது வீடு காரிடாரின் கடைசியில். 1,150 சதுர அடி என்றதில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு, வெறும் 760. வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றோம். அன்றிலிருந்து "அக்கவுன்ட்ஸில் இருக்கு", "மேனேஜர் சைட்டுக்குப் போயிருக்கார்". பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புதிதாக வந்த பெண் கதையை முதலிலிருந்து கேட்டுவிட்டு, "டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். கடைசியில் ஒரு பெரிய மனிதர் சொன்னார்: நாங்கள் கொடுத்தது புக்கிங்கே இல்லையாம், 'விருப்பம் தெரிவிக்கும் தொகை'யாம். விருப்பம் தெரிவிக்க யாராவது 4 லட்சம் கொடுப்பார்களா?

விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி, அது பொய்யாக இருந்து விலகினால், முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அதை வைத்துத்தான் ரெராவில் புகார் கொடுக்கப் போகிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. ரெரா எண் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட நீட்டாதீர்கள். வந்தாலும் ரெரா தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கார்பெட் ஏரியா எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது. சேல்ஸ் ஆள் வாயால் சொல்வதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். எங்கள் 4 லட்சத்தை விழுங்கிய வரி அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கிறது.