ஆவணங்களை கிட்டில் வைத்திருப்பது: அட்டவணையைத் தவிர எல்லாம் சுகம்

வவுனியாவில் சின்னதாக ஒரு மென்பொருள் குழு தொடங்கியிருக்கும் நண்பன் கேட்டான்: "மச்சான், நீங்கள் ஆவணமெல்லாம் கோடோடு சேர்த்து கிட்டில்தானே வைச்சிருக்கிறியள்? நாங்களும் அப்படிச் செய்வமா, இல்லாட்டி ஒரு விக்கிக்குச் சந்தா கட்டுவமா?" போனில் சொல்லி முடிக்க ஏலாத பதில். அதனால் எழுதுகிறேன். கிட் என்பது கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி. விக்கி என்பது பிரவுசரிலேயே பக்கங்களைத் திருத்தக்கூடிய தளம்.

எங்கள் யாழ்ப்பாண அலுவலகத்தில் இருப்பது பலருக்கும் தெரிந்த அமைப்புத்தான். எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் கோப்புகள், அவற்றை இணையப் பக்கங்களாக்கும் எம்கேடொக்ஸ், கோட் இருக்கும் அதே ரெப்போ (கிட் கண்காணிக்கும் கோப்புத் தொகுதி). ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் எங்களுடையதோடு பேசும் வழி) மாறினால் அதே புல் ரிக்குவெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் விண்ணப்பத்தில்) ஆவணமும் மாறியிருக்க வேண்டும் என்று ரிவியூவில் மறித்து வைக்கலாம். ஒரு வரியை யார், எப்போது, எந்த மாற்றத்தில் போட்டார் என்று கிட் பிளேம் கட்டளை காட்டிவிடும். எம்கேடொக்ஸை ஸ்ட்ரிக்ட் முறையில் ஓடவிட்டால், இல்லாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்த ஆவணம் பில்டை (பக்கங்களை உருவாக்கும் படியை) தாண்டாது. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களில் ரௌட்டர் அணைந்தாலும், மடிக்கணினியில் பற்றரி இருக்கும்வரை ஆவணம் முழுவதும் கையில் இருந்தது. யாழ்தேவி ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போதும் அப்படித்தான்.

சரி, இப்போது அட்டவணை.

எங்கள் பிழைச் செய்திகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று நிரலில் (மேலிருந்து கீழாக மூன்று பத்தியில்) இருக்கும். மார்க்டவுன் அட்டவணைக் கட்டத்துக்குள் என்டர் தட்டி வரி பிரிக்க முடியாது, எச்டிஎம்எல் போட வேண்டும். அதைக்கூடப் பொறுக்கலாம். தமிழ் எழுத்தோடுதான் பெரிய பாடு. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற கணக்கில் எடிட்டர் நிரலை நேராக்கப் பார்க்கிறது. 'கி'யும் 'கௌ'வும் ஒரே அகலமா? மெய்யெழுத்தின் புள்ளி யூனிகோடில் தனிக் குறி, திரையில் தனி இடம் எடுக்காது. நிரல் நேராகவே வராது. ஒரு செய்தி நீண்டால், கோப்பைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபோர்மேட்டர் மற்ற வரிகளிலும் இடைவெளியைக் கூட்டும், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் அட்டவணை முழுவதும் சிவப்பும் பச்சையும். 'செலுத்தப்பட்டது' என்பது 'செலுத்தப்படவில்லை' என்று மாறியிருந்தால் அதற்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? இடைவெளியை மறைத்துப் பார்க்க வழி இருக்கிறது, உண்மைதான். ரிவியூ செய்கிற எல்லாரும் ஒவ்வொரு முறையும் நினைத்து அதைப் போடுவதில்லை.

அப்புறம் அட்டவணைகளை சிஎஸ்விக்கு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புக்கு) மாற்றி, பில்டின்போது ஒரு பைதன் ஸ்கிரிப்ட் பக்கமாக்கும்படி செய்தோம். டிஃப் துப்புரவாகிவிட்டது. ஆனால் அந்தச் செய்திகளை எழுதுவது சப்போர்ட்டில் இருக்கும் தங்கச்சி. அவர் அதை விரிதாளில் நேரே திறந்தால் தமிழ் எல்லாம் குப்பை எழுத்தாக வருகிறது. ஒரு 'ற'வைத் 'ர'வாக்க பிராஞ்ச், கொமிட், புல் ரிக்குவெஸ்ட் என்று டெவலப்பர் வேலை எல்லாம் பழக வேண்டும். இப்போது அவர் திருத்தத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார், ஒரு டெவலப்பர் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் தடுமாறுகிறார் என்று எங்களில் அதிகம் தெரிந்தவர் அவர். அவருடைய கை நேரடியாகப் படாத ஆவணம் எனக்கு ஆத்திரத்தைத்தான் தருகிறது.

நாங்கள் கிட்டை விட்டு மாறப்போவதில்லை. ஆனால் மச்சான், உன் குழுவில் பாதிக்கு மேல் எழுதப்போவது வாடிக்கையாளர் போனை எடுக்கிற ஆட்கள். நீ விக்கிக்கே போ. ஏபிஐ விளக்கத்தை மட்டும் ரெப்போவில் வை. சந்தா கட்டமுதல், எல்லாப் பக்கத்தையும் ஒரேயடியாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று செய்து பார்.