ஆங்கில வகுப்பில் குயிசனேர் கோல்கள்: ஒரு மதிப்பீடு

பெல்ஜியப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் குயிசனேர் கணிதம் கற்பிப்பதற்காக உருவாக்கிய வண்ணக் கோல்களை மொழி வகுப்புக்குக் கொண்டுவந்தவர், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த காலெப் கட்டெக்னோ. ஆசிரியர் இயன்றவரை பேசாதிருந்து மாணவரைப் பேசவைக்கும் ‘சைலன்ட் வே’ என்னும் முறையை அவர் 1963இல் நூலாக வெளியிட்டார். அம்முறையை முழுமையாகப் பின்பற்றுவோர் இன்று மிகக் குறைவு. ஆனால் அந்தக் கோல்கள் மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்தத் தக்கவை என்பதைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் என் வகுப்புகளில் உறுதியாகக் கண்டிருக்கிறேன்.

ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளங்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் மாறாத ஒரு நிறம். மிகச் சிறியது வெள்ளை, மிக நீளமானது ஆரஞ்சு. பெட்டியில் இருப்பது இவ்வளவுதான். பார்த்த உடனே பொருள் விளங்கிவிடுவதால் படமும் தேவையில்லை, தமிழ் விளக்கமும் தேவையில்லை. ‘ராட்’ என்ற ஒரே பெயர்ச்சொல்லையும் சில நிறப் பெயர்களையும் வைத்துக்கொண்டே நீண்ட வாக்கியங்களைப் பேசலாம். புதிய சொற்களின் சுமை இல்லாத அந்த நிலையில், வழக்கமாக நம் மாணவர்களின் கண்ணுக்குத் தப்பிவிடும் சிறு சொற்கள் முன்னுக்கு வருகின்றன.

‘எ’ (a), ‘த’ (the) ஆகிய சுட்டிடைச் சொற்களை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு நேரான பயன்பாடு தமிழில் இல்லாததால், விதியை எத்தனை முறை எழுதிப் போட்டாலும் பேசும்போது மாணவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரை எதிரெதிரே அமர்த்தி, நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை மறைப்பாக நிறுத்தி, ஒருவர் கட்டிய வடிவத்தை மற்றவர் காணாமலே கட்ட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். மேசையில் மூன்று சிவப்புக் கோல்கள் கிடக்கும்போது ‘டேக் த ரெட் ராட்’ என்றால், எது என்ற கேள்வி எதிரிலிருந்து உடனே வரும். ‘டேக் எ ரெட் ராட்’ என்றால் வேலை நடக்கும். எடுத்து வைத்த பிறகு அதே கோலைப் பற்றிப் பேச ‘த’ வேண்டியதாகிறது. நான் திருத்துவதற்கு முன்பே எதிரில் இருப்பவரின் குழப்பம் திருத்திவிடுகிறது. ‘ஆன்’, ‘அண்டர்’, ‘பிஹைண்ட்’, ‘நெக்ஸ்ட் டு’ ஆகியவையும் இந்தப் பயிற்சியிலேயே படிந்துவிடுகின்றன.

இந்தக் கோல்கள் எனக்கு மிகுந்த பயன் தந்த இடம் வினா வாக்கியம். தமிழில் சொல் வரிசையை மாற்றாமலே வினாவை அமைத்துவிடலாம் என்பதால் ‘வேர் ஹி இஸ் கோயிங்?’ என்று கேட்பது நம்மவர்களுக்கு இயல்பாக வருகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு கோல் என அடுக்கி, இரண்டு கோல்களை இடம் மாற்றிக் காட்டினால் அந்த வரிசை மாற்றம் கைக்குப் பழகுகிறது. ‘ஹி லிவ்ஸ் இன் மதுரை’ என்ற வாக்கியத்தில் ‘லிவ்’ என்பதற்குக் கறுப்புக் கோலையும், அதன் இறுதியில் ஒட்டும் ‘எஸ்’ விகுதிக்கு வெள்ளைக் கோலையும் வைக்கிறேன். வினாவாக்கும்போது ‘டூ’ என்ற பச்சைக் கோல் முன்னால் வருகிறது. வெள்ளைக் கோல் கறுப்பை விட்டு நகர்ந்து பச்சையோடு சேர்ந்து ‘டஸ்’ ஆகிறது. இருப்பது ஒரே வெள்ளைக் கோல். அது இரண்டு இடங்களில் இருக்க முடியாது. ‘டஸ் ஹி லிவ்ஸ்’ என்னும் பிழை ஏன் பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த இலக்கண வகுப்பிலும் கண்டதில்லை.

சொல்லழுத்தத்துக்கும் இவை உதவுகின்றன. ஓர் அசைக்கு ஒரு கோல் வைத்து, அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் நீண்ட கோலை வைத்தால், ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாவதற்கு நகர்வதைக் கண்ணால் காணலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது. 74 கோல்கள் கொண்ட சிறு பெட்டி நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குத்தான் போதும் என்பதால், பெரிய வகுப்புக்குப் பல பெட்டிகள் வாங்க நேரும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர் இருந்தால் நிறத்தோடு நீளத்தையும் சொல்லும்படி பயிற்சியை மாற்ற வேண்டும். வாசிப்புக்கும் சொல்வளத்துக்கும் இவற்றால் பெரிய பயன் இல்லை. கட்டெக்னோ வற்புறுத்திய ஆசிரியர் மௌனத்தை அடிப்படை நிலை மாணவர்களிடம் அப்படியே கடைப்பிடிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தயங்கித் தயங்கி வாய் திறப்பவருக்கு ஆசிரியரின் குரல் ஒரு துணை.

மரக்கோல்கள், பிளாஸ்டிக் கோல்கள் என இரண்டு வகையும் கிடைக்கின்றன. மேசையில் வழுக்காமல் நிற்பதால் நான் மரத்தையே விரும்புகிறேன். இணையத்தில் பெயர் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பெட்டியில் கரும்பச்சையும் இளம்பச்சையும் ஏறத்தாழ ஒரே நிறமாக இருந்தன. ஆகவே வாங்கியதும் பத்து நிறங்களையும் பகல் வெளிச்சத்தில் வரிசையாக அடுக்கிப் பார்த்து, வேறுபாடு தெளிவாகத் தெரியாவிட்டால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.