பர்ஜ், சினாப்டிக், பிளீச்பிட், கைவேலை: லினக்ஸில் அன்இன்ஸ்டாலுக்குப் பின் மிஞ்சுவதை எதை வைத்துத் துடைப்பது?

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி: "விண்டோஸில் குப்பைக் கோப்புகளைத் துடைக்கும் சிகிளீனர் மாதிரி இங்கே என்ன இருக்கிறது?" ஒரே பட்டனில் எல்லாவற்றையும் துடைத்துவிடும் கருவி இங்கே இல்லை. ஒரு மென்பொருளை நீக்கிய பிறகு மிஞ்சுபவை மூன்று வெவ்வேறு இடங்களில், மூன்று பேர் பொறுப்பில் கிடப்பதுதான் காரணம். எட்சி ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளுக்கு, பேக்கேஜ் எனப்படும் மென்பொருள் பொதிகளை நிறுவி நீக்கும் அடிப்படைக் கருவியான டிபிகேஜி பொறுப்பு. துணைக்கு வந்து இறங்கிய லைப்ரரிகளுக்கு, டிபிகேஜியின் மேல் உட்கார்ந்து வேலை வாங்கும் ஆப்ட் பொறுப்பு. ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்த பெயரோடு மறைந்திருக்கும் ஃபோல்டர்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், எந்த இடத்துக்கு என்று கேட்டாக வேண்டும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் பற்றி. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால் அதற்கும் இதே கதை பொருந்தும்.

ரிமூவா, பர்ஜா?

"ஆப்ட் ரிமூவ்" என்று கொடுத்தால் புரோகிராம் போய்விடும், எட்சியில் உள்ள அதன் கான்ஃபிக் கோப்புகள் அப்படியே இருக்கும். இது குறையல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஒரு சர்வர் மென்பொருளைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி போடுபவருக்குப் பழைய அமைப்புகள் அப்படியே கிடைக்கும். "ஆப்ட் பர்ஜ்" என்றால் அந்தக் கான்ஃபிக்கும் சேர்ந்து போகும். திரும்ப வரப்போகும் மென்பொருள் என்றால் ரிமூவ், வராது என்று தெரிந்தால் பர்ஜ். வீட்டு லேப்டாப்பில் எட்டிப் பார்க்கப் போட்ட மென்பொருள்களுக்கு யோசிக்காமல் பர்ஜ் கொடுக்கலாம்.

ரிமூவ் கொடுத்து மறந்தவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். "டிபிகேஜி மைனஸ் எல்" (சிறிய எழுத்து எல்) என்று அடித்தால் வரும் நீளப் பட்டியலில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும். "ஐஐ" என்றால் நிறுவப்பட்டிருக்கிறது. "ஆர்சி" என்றால் ஆள் போய்விட்டார், கான்ஃபிக் மட்டும் இருக்கிறது. சில வருடம் ஓடிய உபுண்டுவில் இந்த ஆர்சி வரிசையில் பழைய கெர்னல்கள்தான் (லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள்) வரிசைகட்டி நிற்கும். 2020-இல் வந்த ஆப்ட் 2.0 முதல் இவற்றை மொத்தமாகப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: "ஆப்ட் லிஸ்ட்" என்பதற்குப் பின் டில்டே குறியும் (~) சி எழுத்தும் மேற்கோள் குறிக்குள். பட்டியலைப் பார்த்துத் திருப்தியானால் "லிஸ்ட்" இருக்கும் இடத்தில் "பர்ஜ்" என்று மாற்றினால் தீர்ந்தது.

ஆனால் இதில் எவ்வளவு இடம் மிச்சமாகும்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. கான்ஃபிக் கோப்புகள் எல்லாம் கிலோபைட் கணக்கு. வட்டு நிறைந்துவிட்டது என்று பதறி ஆர்சி வரிகளைத் துடைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான வேலை இது.

பர்ஜுக்கும் கைவேலைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிவது அப்பாச்சி வெப் சர்வரில். ஒருவர் ரிமூவ் கொடுக்கிறார். எட்சிக்குள் அப்பாச்சி ஃபோல்டர் இன்னும் இருப்பதைப் பார்த்து, ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்கில்) நின்று கையால் அழித்துவிடுகிறார். பிறகு ஒருநாள் அப்பாச்சியை மறுபடி நிறுவுகிறார். நிறுவல் ஓடும், சர்வர் எழுந்திருக்காது. போய்ப் பார்த்தால் முக்கியமான கான்ஃபிக் கோப்பே இல்லை. டிபிகேஜியின் கணக்கில் அந்த பேக்கேஜ் இன்னும் ஆர்சி நிலையில் இருக்கிறது. கான்ஃபிக் கோப்பு காணாமல் போயிருந்தால், நிர்வாகி வேண்டுமென்றேதான் அழித்திருக்கிறார் என்று அது எடுத்துக்கொள்ளும், மறுபடி வைக்காது. மரியாதை கொஞ்சம் அதிகம்தான்! தீர்வு, பர்ஜ் கொடுத்துவிட்டு மறுபடி நிறுவுவது. எட்சியில் கைவைப்பதற்குப் பதிலாக முதலிலேயே பர்ஜ் கொடுத்திருந்தால் இந்தச் சுற்று தேவைப்பட்டிருக்காது. எட்சியைப் பொறுத்தவரை போட்டியே இல்லை: பர்ஜ்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பர்ஜுக்குக் கை தயங்க வேண்டும். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் சர்வர்களை டெபியனில் பர்ஜ் செய்தால், உள்ளே இருக்கும் டேட்டாவையும் அழிக்கலாமா என்று நடுவில் ஒரு திரை வந்து கேட்கும். வேகத்தில் என்டர் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் பேக்கப் எடுத்துவிட்டு வருவது நல்லது.

டெர்மினல் வேண்டாம் என்பவர்களுக்கு

க்னோம் சாஃப்ட்வேர் மாதிரியான ஸ்டோர்களில் அன்இன்ஸ்டால் பட்டன் உண்டு, பர்ஜ் கிடையாது. அங்கே நீக்கிய பேக்கேஜ்களில் எட்சியில் கான்ஃபிக் உள்ளவை ஆர்சியில்தான் போய் நிற்கும். பழைய சினாப்டிக் இந்த விஷயத்தில் இன்னும் கெட்டி. பேக்கேஜின் மேல் வலது கிளிக் செய்தால் சாதாரண நீக்கம், முழு நீக்கம் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். இடப்பக்கம் நிலைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியில், கான்ஃபிக் மட்டும் மிஞ்சியவற்றுக்குத் தனிப் பட்டியலே வரும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து முழு நீக்கம் கொடுத்தால் டில்டே சி செய்யும் அதே வேலை. தோற்றம் பழசாக இருப்பதால் பலர் ஒதுக்குகிறார்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு இதைவிட வசதியான ஜன்னல் எனக்குத் தெரியவில்லை. ஆப்டுக்கு வெளியே தனி வழியில் நிறுவப்படும் ஸ்னாப், பிளாட்பேக் வகை மென்பொருள்கள் மட்டும் இதன் கண்ணில் படாது.

கூட வந்த லைப்ரரிகள்

இந்த வேலைக்கு "ஆட்டோரிமூவ்". ஒரு மென்பொருளுக்காகத் தானாக வந்த பேக்கேஜ்களை ஆப்ட் குறித்து வைத்திருக்கும். யாருக்கும் தேவைப்படாதபோது எடுத்துவிடும். "ஆட்டோபர்ஜ்" என்று கொடுத்தால் அவற்றின் கான்ஃபிக்கும் சேர்ந்து போகும். நான் வழக்கமாகப் பயன்படுத்துவது இதைத்தான்.

சில சமயம் போகவேண்டியது போகாமல் நிற்கும். இன்னொரு பேக்கேஜ் அதைப் பரிந்துரை செய்திருந்தாலே போதும், இருந்தால் நல்லது என்ற அளவில் குறிப்பிட்டிருந்தாலும் போதும், ஆட்டோரிமூவ் அதை விட்டுவைக்கும். அப்படி நிற்பவற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். அந்தக் காலத்தில் இதற்கு டெபார்ஃபன் என்ற கருவியைப் பலரும் சொல்வார்கள். இன்றும் பழைய குறிப்புகளில் அது தலைகாட்டும். டெபியன் 13-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் தேட வேண்டாம்.

எதை நிறுவியபோது என்னென்ன கூட வந்தன என்று தெரியவேண்டுமானால், வார் ஃபோல்டரில் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி கோப்பு. தேதி, நேரம், தானாக வந்தவை எவை என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆட்டோரிமூவ் காட்டும் பட்டியலில் சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால், ஒய் அழுத்தும் முன் இதைத் திறந்து பார்க்கலாம்.

ஹோம்: இங்கே எந்தக் கருவியும் உதவாது

பர்ஜ் கொடுத்தாலும் ஹோமில் இருப்பது போகாது. ஒரு கம்ப்யூட்டரில் பல பேர் கணக்கு வைத்திருக்கலாம். ரூட்டாக ஓடும் ஒரு கமாண்ட் எல்லோருடைய ஹோமிலும் நுழைந்து அழிப்பது சரியல்ல என்பதால் டெபியன் பேக்கேஜ்கள் அங்கே கைவைப்பதில்லை. அது எவ்வளவு நல்ல முடிவு என்பதைத் தண்டர்பேர்டை வைத்துப் பார்க்கலாம். டெபியனில் அதைப் பர்ஜ் செய்த பிறகும் ஹோமில் ".தண்டர்பேர்ட்" என்ற ஃபோல்டர் இருக்கும், பல ஜிபி அளவில். சுத்தம் செய்யக் கிளம்பியவர் கண்ணுக்கு அது குப்பை. உள்ளே இருப்பதோ மெயில்கள். ஐமேப் கணக்கு என்றால் சர்வரில் நகல் இருக்கும், பரவாயில்லை. பாப் முறையில் இறக்கி, சர்வரிலிருந்து அழித்துவிடச் சொல்லியிருந்தால், உலகத்திலேயே அந்த மெயில்களின் ஒரே பிரதி அந்த ஃபோல்டர்தான். இதைக் குப்பை என்று ஒரு கருவி தானாக முடிவுகட்டினால் என்ன ஆகும்?

அதனால் ஹோமில் கைவேலைதான். தேட வேண்டிய இடங்கள் மூன்று. ".கேஷ்" ஃபோல்டரில் இருப்பதைப் பயமில்லாமல் அழிக்கலாம், தேவைப்பட்டால் புரோகிராம்கள் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ".கான்ஃபிக்" ஃபோல்டரில் பெரும்பாலும் அமைப்புகள், போனால் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்; சில புரோகிராம்கள் டேட்டாவையும் அங்கேயே வைப்பதால் பார்த்து அழிக்க வேண்டும். ".லோக்கல்" ஃபோல்டருக்குள் உள்ள "ஷேர்"தான் யோசித்துத் தொடவேண்டியது, ஏனென்றால் டேட்டா அங்கேதான் சேர்கிறது. தண்டர்பேர்ட் போல இந்த ஒழுங்குக்கு வெளியே ஹோமிலேயே நேராக ஃபோல்டர் போட்டுக்கொள்பவையும் உண்டு. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது பெருத்துக் கிடக்கிறது என்று பார்க்க டெர்மினலில் என்சிடியு, ஜன்னலாக வேண்டுமென்றால் டிஸ்க் யூசேஜ் அனலைசர்.

அழிக்கும்போது ஃபைல் மேனேஜரிலிருந்து டிராஷுக்கு அனுப்புவதே மேல். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கமாண்டை ரிகர்சிவ் (உள்ளே இருக்கும் எல்லாமும்), ஃபோர்ஸ் (கேட்காமலே) இரண்டும் போட்டு ஓட்டுவதில் வேகம் இருக்கிறது, திரும்பும் வழி இல்லை. கை தேர்ந்தவர்களுக்கே இது நடந்திருக்கிறது. 2011-இல் பம்பிள்பீ என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், பாதையின் நடுவே ஒரே ஒரு ஸ்பேஸ் தவறி விழுந்திருந்தது. அதை ஓட்டியவர்களின் புரோகிராம்கள் எல்லாம் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதும் போனது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு வேரியபிள் காலியாக இருந்துவிட்டால் அழிக்கும் கமாண்ட் எல்லாவற்றுக்கும் மேலான முதல் ஃபோல்டரிலிருந்தே தொடங்கிவிடும் என்ற பிழை வெளியே வந்தது. சிலருடைய சொந்தக் கோப்புகள் அதில் போயின. வேலையாகவே ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கே இந்த நிலை என்றால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கிருந்தோ காப்பியடித்து ஒட்டும் ஒருவரிக் கமாண்டை என்ன சொல்வது?

பிளீச்பிட் எங்கே பொருந்தும்?

சிகிளீனருக்கு மாற்று என்று எல்லோரும் கைகாட்டுவது பிளீச்பிட்டை. நல்ல கருவிதான், ஆனால் கேட்ட கேள்விக்கான பதில் அல்ல. அதற்குத் தெரிந்த புரோகிராம்களின் கேஷ், ஹிஸ்டரி, குக்கி, தற்காலிகக் கோப்புகளை அது துடைக்கும். ஆப்டின் கிளீன், ஆட்டோரிமூவ் வேலைகளையும் அதன் வழியாகவே ஓட்டலாம். போன மாதம் நீக்கிய ஏதோ ஒரு மென்பொருள் ஹோமில் விட்டுப்போன ஃபோல்டரை அது தேடிப்பிடித்துத் தராது. ஆர்சி வரிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உள்ளே இருக்கும் இரண்டு டிக் பெட்டிகளிடம் கவனம் தேவை. பிரவுசரின் கீழே உள்ள பாஸ்வேர்ட் பெட்டியை டிக் செய்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடும். காலி இடத்தைத் துடைக்கும் பெட்டியை டிக் செய்தால் வட்டின் காலி இடம் முழுக்க எழுதி அழித்துக்கொண்டே இருக்கும்; நேரமும் வீண், எஸ்எஸ்டிக்கும் தேவையில்லாத தேய்மானம். முன்னோட்டம் பார்க்கும் பட்டனை அழுத்தாமல் கிளீன் பட்டனுக்குப் போகவே கூடாது. ரூட்டாக ஓடும் பிளீச்பிட் மெனுவில் தனியாக இருக்கும். முதல்முறை பயன்படுத்துபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

ஸ்னாப்பும் பிளாட்பேக்கும்

இடம் உண்மையில் போவது இங்கேதான், அதனால் ஜிபி கணக்கில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

ஸ்னாப்பை ரிமூவ் செய்தால் டேட்டாவும் போகும். ஆனால் போகும்முன் அது ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும், 31 நாள் வரை. அவசரத்தில் நீக்கியவருக்கு வரம். இடம் வேண்டி நீக்கியவருக்கு, நீக்கியும் இடம் வரவில்லையே என்ற குழப்பம். "ஸ்னாப் சேவ்ட்" என்று கேட்டால் பட்டியல் வரும், அதில் உள்ள எண்ணை "ஸ்னாப் ஃபர்கெட்"டுக்குக் கொடுத்தால் போய்விடும். முதலிலேயே பர்ஜ் ஆப்ஷனோடு நீக்கினால் ஸ்னாப்ஷாட்டே எடுக்காது.

பிளாட்பேக் நேர் எதிர். எதையும் நகல் எடுப்பதில்லை, சொல்லாமல் டேட்டாவை அழிப்பதும் இல்லை. ஒவ்வொரு ஆப்பின் டேட்டாவும் ஹோமில் ".வார்" ஃபோல்டருக்குள் "ஆப்" என்ற இடத்தில் அதனதன் பெயரில் தனித்தனியாக இருக்கும். மிச்சங்களைத் தேட அலைய வேண்டியதே இல்லை என்பதால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆப்டைவிட பிளாட்பேக்கையே பிடிக்கிறது. அன்இன்ஸ்டால் கமாண்டோடு டெலீட்-டேட்டா ஆப்ஷன் கொடுத்தால் ஆப்பும் டேட்டாவும் சேர்ந்து போகும். ஆப் பெயர் குறிப்பிடாமல் கொடுத்தால், ஏற்கனவே நீக்கிய ஆப்களின் டேட்டாவைத் தேடி எடுக்கும். இடத்தை அதிகம் தின்பவை, பல ஆப்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடித்தளத் தொகுப்புகளான ரன்டைம்கள். கடைசி ஆப் போன பிறகும் அவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். அன்இன்ஸ்டாலோடு அன்யூஸ்ட் ஆப்ஷனைக் கொடுத்துப் பாருங்கள், ஒரே அடியில் ஜிபி கணக்கில் இடம் வருவது இங்கே சாதாரணம்.

டெபியன் வழி வராத ஃபெடோரா, ஆர்ச் லினக்ஸ்கள் பக்கம் விஷயம் சுருக்கம். ஃபெடோராவின் டிஎன்எஃப், தேவையற்றுப்போன துணை பேக்கேஜ்களை நீக்கும்போதே எடுத்துவிடும்; நீங்கள் கைவைத்து மாற்றிய கான்ஃபிக்கை மட்டும் ஆர்பிஎம்சேவ் என்ற வால் சேர்த்து விட்டுவைக்கும். ஆர்ச்சில் ஆப்டின் இடத்தில் இருக்கும் பேக்மேனுக்கு ஆர், என், எஸ் மூன்று எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் பர்ஜும் ஆட்டோரிமூவும் ஒன்றாக நடந்த மாதிரி. ஹோமை இரண்டும் தொடாது.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து "மேக் இன்ஸ்டால்" கொடுத்தவற்றுக்கு மேலே சொன்ன எதுவுமே வேலை செய்யாது, ஆப்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கம்பைல் செய்த ஃபோல்டர் இன்னும் கையில் இருந்தால் "மேக் அன்இன்ஸ்டால்" முயன்று பார்க்கலாம். சிமேக் என்ற கம்பைல் கருவி வழி வந்ததாக இருந்தால் அங்கே இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்று ஒரு கோப்பு கிடக்கும். எங்கெங்கே எது போய் உட்கார்ந்தது என்ற முழுப் பட்டியலும் அதில் வரிவரியாக இருக்கும். அந்த ஃபோல்டரையும் அழித்துவிட்டீர்கள் என்றால், அதே பதிப்பின் சோர்ஸை மறுபடி இறக்கி, அதே ஆப்ஷன்களோடு இன்னொருமுறை நிறுவி, உடனே அன்இன்ஸ்டால் கொடுப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.